கிராப்ரெடி இசைவிழா

கிராப்ரெடி இசைவிழா இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள கிராப்ரெடி என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் நடைபெறும் திறந்தவெளி இசைவிழா. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் நாட்டார் ராக் இசைக்குழு இவ்விழாவை நடத்துகிறது. 1979-ல் அக்குழு கலைந்தபோது நடத்திய விடைபெறும் நிகழ்ச்சியிலிருந்து இவ்விழா தோன்றியது. ரசிகர்கள் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் கூடாரமடித்துத் தங்கி, ஒரே மேடையில் நிகழும் இசையைக் கேட்பது இதன் வழக்கம். கலைந்துபோன ஒரு குழுவை அதன் ரசிகர்கள் மீட்டெடுத்ததற்கு எடுத்துக்காட்டாக இவ்விழாவின் வரலாறு சொல்லப்படுகிறது.

ஊர்

கிராப்ரெடி பான்பரி நகருக்கு வடக்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில், செர்வெல் ஆற்றின் கரையில் உள்ளது. ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் ஊரின் ஓரமாகச் செல்கிறது. ஊரில் வாழ்பவர்கள் சுமார் 700 பேர். ஒரு பழைய தேவாலயம், ஒரு தொடக்கப்பள்ளி, ரெட் லயன், பிரேஸ்நோஸ் ஆர்ம்ஸ் என்னும் இரண்டு மதுவிடுதிகள் ஆகியவை ஊரார் கூடும் இடங்கள்.

இசைவிழாவுக்கு முன் இவ்வூர் அறியப்பட்டது ஒரு போருக்காக. இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, 1644 ஜூன் 29 அன்று, மன்னர் முதலாம் சார்லஸின் படையும் வில்லியம் வாலரின் தலைமையிலான நாடாளுமன்றப் படையும் இங்குள்ள பாலத்தருகே மோதின. மன்னரின் படை வென்றது. இப்போரைப் பற்றி ரால்ஃப் மெக்டெல் எழுதிய ‘ரெட் அண்ட் கோல்ட்’ என்னும் பாடலை ஃபேர்போர்ட் கன்வென்ஷன் பின்னாளில் பதிவுசெய்தது. போர் நடந்த ஊரின் வயலிலேயே அப்பாடல் பலமுறை பாடப்பட்டுள்ளது.

பின்னணி

இங்கிலாந்தில் கூடாரமடித்துத் தங்கி இசை கேட்கும் விழாக்கள் 1960-களில் பரவின. கேம்பிரிட்ஜ் நாட்டார் இசைவிழா 1965-ல் தொடங்கியது. 1970 ஆகஸ்டில் வைட் தீவில் நடந்த இசைவிழாவில் பல லட்சம் பேர் கூடினர். சிறிய தீவால் அக்கூட்டத்தைத் தாங்க இயலவில்லை. அடுத்த ஆண்டே, அத்தீவில் ஐயாயிரம் பேருக்கு மேல் இரவில் திறந்தவெளியில் கூடுவதற்கு உரிமம் வேண்டும் என்று பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்பின் 2002 வரை அங்கு அவ்விழா நடைபெறவில்லை.

அதே 1970-ன் செப்டம்பர் 19 அன்று, சாமர்செட்டில் மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணை விவசாயி தன் நிலத்தில் ஓர் இசைவிழாவை நடத்தினார். நுழைவுக்கட்டணம் ஒரு பவுண்டு. வந்தவர்களுக்குப் பண்ணையின் பால் இலவசம். சுமார் 1,500 பேர் வந்தனர். பின்னாளில் கிளாஸ்டன்பரி என்ற பெயரில் இரண்டு லட்சம் பேர் கூடும் விழாவாக வளர்ந்தது அதுவே.

வயலில் தொடங்கும் இசைவிழாக்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகளை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. ஒன்று, அளவு மீறிப் பெருகித் தடைபடுவது. மற்றொன்று, ஒரு நகரத்துக்கு நிகரான நிர்வாகத்தை உருவாக்கிக்கொண்டு பெருகுவது. கிராப்ரெடி இவ்விரண்டிலும் செல்லவில்லை.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன்

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1967-ல் வடக்கு லண்டனில் தொடங்கப்பட்டது. குழுவினர் ஒத்திகை பார்த்த வீட்டின் பெயர் ‘ஃபேர்போர்ட்’. கிட்டார் கலைஞர் சைமன் நிகோலின் குடும்ப வீடு அது. ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்சன், ஜூடி டைபிள் ஆகியோர் தொடக்ககால உறுப்பினர்கள். 1968-ல் பாடகி சாண்டி டென்னி இணைந்தார்.

1969 மே 12 அன்று, பர்மிங்காமில் நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் குழுவின் வண்டி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும், தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தனர். லாம்பிளுக்கு வயது 19. குழு கலைந்துவிடும் நிலையில் இருந்தது. மீண்டும் கூடியபோது பழைய பாணியைத் தொடர அவர்கள் விரும்பவில்லை. பிரிட்டனின் பழைய கதைப்பாடல்களை மின்கிட்டாரும் டிரம்ஸும் கொண்டு இசைத்தனர். வயலின் கலைஞர் டேவ் ஸ்வார்பிரிக், டிரம்ஸ் கலைஞர் டேவ் மாட்டக்ஸ் ஆகியோர் அப்போது இணைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் வெளியான ‘லீஜ் அண்ட் லீஃப்’ இசைத்தொகுப்பு ஆங்கில நாட்டார் ராக் இசையின் தொடக்கநூல் போலக் கருதப்படுகிறது. 2006-ல் பி.பி.சி. வானொலியின் நாட்டார் இசை விருதுகளில், மிகுந்த தாக்கம் செலுத்திய நாட்டார் இசைத்தொகுப்பாக நேயர்கள் இதனைத் தேர்ந்தெடுத்தனர்.

அத்தொகுப்பு வெளிவருவதற்குள்ளாகவே சாண்டி டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டனர். பேஸ் கிட்டார் கலைஞர் டேவ் பெக் இணைந்தார். அடுத்த பத்தாண்டுகளில் உறுப்பினர்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். 1970-களில் ஸ்வார்பிரிக்கும் பெக்கும் கிராப்ரெடியில் குடியேறினர். குழுவுக்கும் ஊருக்குமான உறவு இப்படித் தொடங்கியது. ஊரின் பொதுத்தேவைக்கு நிதி திரட்டுவதற்காக அவர்கள் அங்கே சிறிய அளவில் வாசித்தனர். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதற்காக வாசித்தவையே கிராப்ரெடியில் நிகழ்ந்த முதல் நிகழ்ச்சிகள்.

விடைபெறும் நிகழ்ச்சி

1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் இசைச்சூழல் மாறிவிட்டது. பங்க் இசையின் காலம் அது. நாட்டார் ராக் பழையதாகக் கருதப்பட்டது. வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட ஃபேர்போர்ட்டின் இரண்டு தொகுப்புகள் விற்கவில்லை. மேலும் பதிவுசெய்வதாக ஒப்பந்தம் இருந்தும், இனிப் பதிவுசெய்ய வேண்டாம் என்பதற்காக அந்நிறுவனம் குழுவுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 1978 ஏப்ரலில் சாண்டி டென்னி தன் 31-ஆவது வயதில் இறந்தார். மின்கருவிகளின் பேரொலியால் ஸ்வார்பிரிக்கின் செவித்திறன் பாதிக்கப்பட்டிருந்தது. குழுவைக் கலைப்பதென்று முடிவுசெய்தனர்.

1979 ஆகஸ்ட் 4 அன்று குழுவுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தன. முதலாவது ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள நெப்வொர்த்தில். லெட் செப்பலின் குழுவின் மாபெரும் நிகழ்ச்சிக்கு முன்பாக வாசிக்கும் குழுக்களில் ஃபேர்போர்ட் ஒன்று. அங்கே கூடியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. தங்கள் முறை முடிந்ததும் அவர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராப்ரெடிக்குத் திரும்பினர். மாலையில் ஊர் வயலில் போட்ட மேடையில் தங்கள் கடைசி நிகழ்ச்சியை நடத்தினர். சுமார் 4,500 பேர் வந்திருந்தனர்.

ஊரின் மக்கள்தொகையை விட ஆறு மடங்குக்கும் அதிகமான கூட்டம் அது. இசைத்தட்டு வாங்குபவர்களின் கணக்கில் ஃபேர்போர்ட்டுக்கு ஆளில்லை என்று நிறுவனம் முடிவுசெய்திருந்தது. வயலுக்கு வந்தவர்களின் கணக்கு வேறாக இருந்தது. இக்குழுவின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு கணக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து உருவானது.

அவ்வாண்டின் விடைபெறும் பயணத்தில் பதிவுசெய்த இசையை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. குழுவினர் தாங்களே அதை வெளியிட்டனர். பெக்கும் அவர் மனைவி கிறிஸ்டின் பெக்கும் நடத்திய வுட்வார்ம் ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் இம்முயற்சியிலிருந்து உருவாகி, பின்னர் குழுவின் முதன்மை வெளியீட்டாளராக ஆகியது.

ஆண்டுக்கொருமுறை கூடிய குழு

1980-ல் பழைய உறுப்பினர்கள் மீண்டும் கிராப்ரெடியில் கூடி ஒரு நிகழ்ச்சி நடத்தினர். அப்போது ஃபேர்போர்ட் என்று ஒரு குழு இல்லை. பெக் ஜெத்ரோ டல் குழுவில் சேர்ந்துவிட்டார். மற்றவர்களும் வேறு வேறு குழுக்களில் இருந்தனர். ஆண்டில் ஒருமுறை மட்டும் ஒன்றுகூடி, பழைய பாடல்களை வாசித்துவிட்டுப் பிரிந்தனர்.

1981-ல் இந்நிகழ்ச்சி பான்பரிக்கு அருகிலுள்ள பிராட்டன் கோட்டையில் நடந்தது. அதன் பதிவு ‘மோட் ஆன் தி லெட்ஜ்’ என்ற பெயரில் வெளியானது. அகழி சூழ்ந்த அக்கோட்டையையும், தங்கள் புகழ்பெற்ற பாடலான ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ஜையும் இணைத்த சொல்விளையாட்டு அது. பின்னர் விழா கிராப்ரெடிக்கே திரும்பியது.

இக்காலத்தில் விழாவை நடத்தும் பொறுப்பைப் பெக் இணையர் ஏற்றுக்கொண்டனர். பெரிய நிறுவனமோ செய்தித்தாள் விளம்பரமோ அவர்களிடம் இல்லை. இருந்தது ரசிகர்களின் முகவரிகள். அஞ்சலில் செய்தி அனுப்பினர். அஞ்சலிலேயே டிக்கெட்டும் இசைத்தட்டும் விற்றனர். ஒரு குழு தன் ரசிகர்களை நேரடியாக அடைந்து, இடையில் எவருமின்றிப் பிழைத்திருக்க முடியும் என்பதை இணையம் வருவதற்கு வெகு முன்பே இம்முறை காட்டியது.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதன் விளைவு தெரிந்தது. 1985-ல் பெக், நிகோல், மாட்டக்ஸ் மூவரும் சேர்ந்து ‘கிளாடிஸ் லீப்’ என்ற புதிய தொகுப்பைப் பதிவுசெய்தனர். ஓடையைத் தாண்டிக் குதித்துக் கடிதங்களைக் கொண்டுசேர்த்த ஓர் அஞ்சல்காரப் பெண்மணியின் நினைவில் வைத்த பெயர் அது. அஞ்சலால் உயிர்பிழைத்த குழுவுக்கு அப்பெயர் தற்செயலாகவே பொருந்தியது. ஸ்வார்பிரிக் இதில் சேரவில்லை. வயலின் கலைஞர் ரிக் சாண்டர்ஸும், பல கருவிகளை வாசிக்கும் மார்ட்டின் ஆல்காக்கும் இணைந்தனர். ஃபேர்போர்ட் மீண்டும் முழுநேரக் குழுவாக ஆனது. பொதுவாக ஒரு குழு விழாவுக்குச் செல்லும். இங்கே விழாவிலிருந்து குழு மறுபடி பிறந்தது.

விழாவின் அமைப்பு

ஓரிரவு நிகழ்ச்சியாகத் தொடங்கியது பின்னர் வெள்ளி, சனி என இரண்டு நாட்களாகவும், அதன்பின் வியாழனும் சேர்ந்து மூன்று நாட்களாகவும் வளர்ந்தது. ஆகஸ்டின் இரண்டாவது வார இறுதியை ஒட்டி இது நடைபெறுகிறது.

விழாவின் அடிப்படை விதி ஒரே மேடை. பெரிய விழாக்களில் ஒரே நேரத்தில் பல மேடைகளில் இசை நிகழும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று ரசிகர் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே உடன்வந்த நண்பர் கேட்டது வேறாகவும் தான் கேட்டது வேறாகவும் இருக்கும். கிராப்ரெடியில் வந்திருப்பவர்கள் அனைவரும் ஒரே இசையைக் கேட்கிறார்கள். மேடையை நோக்கிச் சரிந்திறங்கும் வயல் இது. சரிவில் மடக்கு நாற்காலிகளையும் விரிப்புகளையும் போட்டு அமர்கிறார்கள். தங்கள் கூட்டத்தாருக்கு இடம் தெரிவதற்காக நீண்ட கழிகளில் கொடிகளைக் கட்டி நட்டு வைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே கொடியை அதே இடத்தில் நடுபவர்கள் உண்டு. முன்பின் தெரியாத இரு குடும்பங்கள் ஆண்டுதோறும் அருகருகே அமர்ந்து உறவினரைப்போல ஆவது இவ்விழாவின் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அனுபவம்.

தங்குமிடம் சுற்றியுள்ள விவசாயிகளின் வயல்கள். விழா நாட்களில் அவை கூடாரங்களாலும் படுக்கை வசதி கொண்ட வண்டிகளாலும் நிறைகின்றன. சிலர் கால்வாய் வழியாகத் தங்கள் படகுகளிலேயே வந்து, கரையில் கட்டிவைத்து அதிலேயே தங்குகிறார்கள். மழை பெய்தால் வயல் சேறாகும். இருந்தாலும் பெரும்பாலோர் கூடாரத்திலேயே தங்குவதால், இரவு இசை முடிந்தபின் எவரும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடவேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிந்தபின்னும் அதே மக்கள் அதே வயலில் இருக்கிறார்கள். காலையில் பல்துலக்கத் தண்ணீர்க்குழாய்க்கு வரிசையில் நிற்கும்போது முந்தைய இரவின் இசையைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்று நாட்கள் நீடிக்கும் ஒரு தற்காலிக ஊர் இவ்வாறு உருவாகிறது. இசைவிழாவில் கூடாரம் என்பது செலவைக் குறைப்பதற்கான ஏற்பாடு மட்டும் அல்ல என்பதை இங்கு காணலாம்.

ஊரும் விழாவும்

700 பேர் வாழும் ஊருக்கு, விழா உச்சத்தில் இருந்த காலத்தில் இருபதாயிரம் பேர் வரை வந்தனர். சாலைகள் நிறைந்தன. இரவில் ஒலி ஊர் முழுக்கக் கேட்டது. இத்தகைய சுமையை ஓர் ஊர் பல பத்தாண்டுகளாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் விழாவின் வருவாயில் அதற்கும் பங்கு இருந்ததே. ஊரின் அமைப்புகள் காலை உணவு சமைத்து விற்கின்றன. அதில் கிடைக்கும் பணம் ஊரின் பொதுத்தேவைகளுக்குச் செல்கிறது. இரண்டு மதுவிடுதிகளிலும் தனியாகச் சிறு இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வீட்டு வாசல்களில் தேநீரும் பழைய பொருட்களும் விற்கப்படுகின்றன. நிதி திரட்டுவதற்காகக் குழு வாசித்த பழைய உறவின் தொடர்ச்சி இது. கூடாரத்திலிருந்து எழுந்து வரும் ரசிகர் ஊருக்குள் சென்று, ஊர்க்காரர் கையால் உணவு வாங்கி உண்கிறார். பெருவிழாக்களைச் சுற்றி எழும் உயர்ந்த வேலிகள் ரசிகரையும் ஊரையும் முழுமையாகப் பிரித்துவிடுகின்றன. இங்கு அது நிகழவில்லை.

மறு ஒன்றுகூடல்கள்

விழாவின் இறுதி நாளிரவு நீண்ட நேரம் ஃபேர்போர்ட் வாசிக்கிறது. பழைய உறுப்பினர்கள் பலர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். குழுவின் 30, 40, 50-ஆம் ஆண்டு நிறைவுகள் இங்கேயே கொண்டாடப்பட்டன. 2007-ல் ‘லீஜ் அண்ட் லீஃப்’ தொகுப்பின் பாடல்கள் அனைத்தையும், அதைப் பதிவுசெய்தவர்களில் உயிருடன் இருந்த ஐவரும் சேர்ந்து வாசித்தனர். சாண்டி டென்னியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார். தொகுப்பு வெளியாகும் முன்பே பிரிந்துவிட்டவர்கள், 38 ஆண்டுகளுக்குப் பிறகு அதை முழுமையாக ஒரே மேடையில் வாசித்தனர்.

விருந்தினராக வந்தவர்களில் ராபர்ட் பிளான்ட், ஆலிஸ் கூப்பர் (2013), மேட்னஸ் (2016), பெட்டுலா கிளார்க் (2017), பிரையன் வில்சன் (2018) ஆகியோர் உண்டு. நெப்வொர்த்தில் ஃபேர்போர்ட்டுக்குப் பின் மேடையேறிய லெட் செப்பலினின் பாடகரே பிளான்ட். அவர் இந்தச் சிற்றூர் மேடைக்கு விருந்தினராக வந்ததை ரசிகர்கள் நினைவுகூர்கிறார்கள்.

விழா எப்போதும் ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ பாடலுடன் நிறைவடைகிறது. ரிச்சர்ட் தாம்சன் தன் பதின்பருவத்தின் இறுதியில் எழுதிய பாடல் இது. 1968-ல் தனி இசைத்தட்டாக வெளியானபோது வெற்றிபெறவில்லை. நண்பர்கள் பிரிவதையும் மீண்டும் சந்திப்பதையும் பேசும் இப்பாடலுக்கு, லாம்பிள், டென்னி என்று குழுவினர் ஒவ்வொருவராக மறைந்தபின் வேறொரு பொருள் கூடியது. 2016-ல் ஸ்வார்பிரிக்கும், 2020-ல் ஜூடி டைபிளும் மறைந்தனர். இன்று இப்பாடலை வயலில் உள்ள அனைவரும் எழுந்து நின்று பாடுகிறார்கள். அவ்வாண்டில் மறைந்த தங்கள் குடும்பத்தாரையும் நண்பர்களையும் அப்போது நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

நெருக்கடிகள்

2004-ல் பெக் இணையர் பிரிந்தபோது விழாவின் எதிர்காலம் கேள்விக்குள்ளானது. இருபதாண்டுகளுக்கு மேலாக அவர்களின் இல்லத்திலிருந்தே அது நடத்தப்பட்டு வந்தது. குழுவினர் பொறுப்பை ஏற்று, 2005 முதல் ‘ஃபேர்போர்ட்ஸ் கிராப்ரெடி கன்வென்ஷன்’ என்ற பெயரில் தொடர்ந்தனர். கொரோனா பெருந்தொற்றினால் 2020, 2021 ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை. 2022-ல் மீண்டும் கூடியது. அதன்பின் செலவுகள் உயர்ந்தபோது, சில ஆண்டுகளிலேயே விழா தன் அளவைக் குறைத்துக்கொண்டது.

மதிப்பீடு

கிராப்ரெடியின் ரசிகர் வட்டம் குழுவுடன் சேர்ந்தே முதுமையடைந்தது. பெற்றோருடன் குழந்தைகளாக வந்தவர்கள் தங்கள் குழந்தைகளுடன் வருகிறார்கள் என்றாலும், ஒரு தலைமுறையின் இசைநினைவைச் சார்ந்தே இவ்விழா நிற்கிறது. புதிய இசைப்போக்குகளை உருவாக்கிய மேடை என்று இதைச் சொல்ல முடியாது.

இதன் முக்கியத்துவம் வேறு வகையானது. இருபதாயிரம் பேர் கூடியபோதும் வந்தவர்கள் இதைச் சிறிய விழாவாகவே உணர்ந்தார்கள். ஒரே மேடை, தெரிந்த ஊர், விருந்தளிப்பவராகக் கடைசிவரை உடனிருக்கும் ஒரு குழு ஆகிய மூன்றுமே அந்தச் சிறுமையை உருவாக்கின. எண்ணிக்கை அதன் பிறகே. பெருக வாய்ப்பிருந்தும் இம்மூன்றையும் விட்டுக்கொடுக்காததால், செலவு தாங்காத காலத்தில் மீண்டும் சுருங்குவதும் இவ்விழாவுக்கு இயன்றது. விற்பனைக் கணக்கில் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஓர் இசைக்குழுவை, கூடாரங்களுடன் வயலுக்கு வந்த சில ஆயிரம் பேர் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வாழவைத்தனர் என்பதே கிராப்ரெடி இசைவிழாவின் வரலாறு.